நோயாளியாக உட்கார்ந்த நாள்

வருடத்தில் சில நாட்கள் நோயாளியாக நடிப்பது என் வேலையில் ஒரு பகுதி. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு நர்சிங் கல்லூரியில், மனநலப் பாடம் நடத்தும் பிரிவில் நான்தான் இளைய ஆசிரியை. மற்ற பிரிவுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊசி போட்டுப் பழக ரப்பர் கை இருக்கிறது. குளிப்பாட்டிப் பழகக் குழந்தை பொம்மை இருக்கிறது. மனம் உடைந்து போயிருக்கிற ஒருத்தரிடம் இந்தப் பெண்ணுக்குப் பேசத் தெரியுமா என்று பார்ப்பதற்குப் பொம்மை கிடைப்பதில்லை. வார்டில் இருக்கிற உண்மையான நோயாளியிடம் ஒரு வகுப்பு முழுவதும் வரிசையாக வந்து, தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று ஒரே நாளில் கேட்டுக்கொண்டிருப்பதும் முறையில்லை. ஆகவே எங்களில் ஒருத்தி உட்காருவோம்.

இந்தத் தேர்வை எல்லோரும் ஆஸ்கி என்போம். கூடத்தில் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, நடுவில் துணித் தடுப்பு வைத்து, மேசைக்கு ஒரு வேலை கொடுத்துவிடுவோம். மணி அடித்ததும் மாணவி அடுத்த மேசைக்கு நகர வேண்டும். மேசைக்கு ஒரு ஆசிரியை, கையில் செக்லிஸ்ட்டுடன் ஓரமாக உட்கார்ந்து டிக் போடுவார். நோயாளியாக இருப்பவளுக்கு ஒரு அட்டை. அவள் யார், என்ன கஷ்டம், எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒருத்தியிடம் ஒரு மாதிரியும் இன்னொருத்தியிடம் வேறு மாதிரியும் சொல்லக்கூடாது. எல்லோருக்கும் ஒரே பதில், ஒரே அளவு அழுகை. இல்லாவிட்டால் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இல்லை.

அந்த அட்டையை எழுதச் சொன்னதே என்னைத்தான். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பி வந்த புதிது. எங்கள் துறைத் தலைவி, ஓய்வு பெற அதிக காலம் இல்லாதவர், சிரிக்காமலே கிண்டல் பண்ணுவார்.

"பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு, அதான் இந்த வாட்டி கேஸு. நீதான் புதுசா பெத்தவ, நீயே எழுதும்மா."

பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் எழுதினேன். பிள்ளை பெற்று இரண்டு மாதமான பெண். கணவனும் மனைவியுமாக வெளியூரிலிருந்து வந்தவர்கள், உதவிக்கு ஆள் இல்லை. குழந்தை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கம் வராது. எழுதிவிட்டுத் திரும்பப் படித்தபோது இரண்டு வரிகளை அடித்தேன். அவை புத்தகத்தில் இருந்தவையா, நானாகச் சேர்த்தவையா என்று சந்தேகம் வந்துவிட்டது. பிறகு அடித்தது தப்போ என்று நினைத்து ஒன்றைத் திரும்பச் சேர்த்து, மறுபடி அடித்தேன். எனக்கு எல்லாமே இப்படித்தான். பாப்பாவுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு, கொடுத்தேனா என்று பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன்.

அப்போது நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டுத் தறி காலையிலேயே ஆரம்பித்துவிடும். என் கணவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் இறங்கும்போது அவர் ஏறிக்கொண்டிருப்பார். படிக்கட்டில் சாவி கை மாறும். "சாப்டியா", "சாப்டேன்" என்பதோடு அந்த நாளின் பேச்சு முடிந்துவிடும் நாட்கள் உண்டு. பாப்பா பகலில் ஐயம்பேட்டையில் மாமியாரிடம். கல்லூரி விட்டதும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்த் தூக்கிக்கொண்டு வருவேன். சில நாட்களில் மாமியார், "தூங்கிட்டா, இன்னிக்கு இங்கியே கெடக்கட்டும்மா" என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். அந்த நாட்களில் வெறும் கையோடு திரும்பி வந்து, விளக்கைப் போட்டுவிட்டு, எந்த அறையில் உட்காருவது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். மாடியில் மொத்தமே இரண்டு அறைகள்தான்.

தேர்வு நாளில் தலைவாராமல், பழைய காட்டன் புடவையில் போய் உட்கார்ந்தேன். துறைத் தலைவி ஓரமாகச் செக்லிஸ்ட்டுடன். அந்தச் செக்லிஸ்ட்டில் ஒரு கேள்விக்கு மட்டும் நட்சத்திரம் போட்டிருக்கும். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். மற்றதையெல்லாம் அழகாகச் செய்து இதை விட்டுவிட்டால் அந்த மேசையில் தோல்விதான். பிள்ளைகளுக்கு அதைக் கேட்கக் கூச்சம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கொடுத்ததாகிவிடுமோ என்று பயப்படுவார்கள். கேட்பதால் அப்படி ஆவதில்லை, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று வகுப்பில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

காலையிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி பதற்றத்தில் தன் பெயரை இரண்டு முறை சொன்னாள். ஒருத்தி, நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே "அழாதீங்கம்மா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள். அப்படிப் பொய்யாகத் தைரியம் சொன்னால் மதிப்பெண் குறையும். ஒருத்தி நட்சத்திரக் கேள்வியை, டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கிறதா என்பதுபோல் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். துறைத் தலைவி டிக் போட்டார். கேட்டுவிட்டாள் அல்லவா. நான் எல்லோருக்கும் அதே இடத்தில் தலைகுனிந்து, அதே இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். நாலைந்து பேருக்குப் பிறகு அந்தப் பதில்கள் எனக்கே அலுத்துப்போயின. அது ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

மதியத்துக்கு முன்னால் அந்தப் பெண் வந்தாள். மூன்றாம் ஆண்டு மாணவி. அப்பா பட்டுக்கடையில், வாங்க வருகிறவர்கள் பிரித்துப் போடும் சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்குகிற வேலை பார்க்கிறார் என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். டைபாய்டு வந்து படுத்ததில் முந்தைய இன்டர்னல் தேர்வில் பாதி எழுதவில்லை. இந்த மேசையில் தேறினால்தான் அவளுடைய இன்டர்னல் மார்க் போதுமான அளவுக்கு வரும். இல்லாவிட்டால் வகுப்போடு சேர்ந்து பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. தோழிகள் முன்னால் போய்விட, இவள் அடுத்த தடவைக்காகத் தனியாகக் காத்திருக்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வந்தவள் எதிரில் போட்டிருந்த நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்கு ஒரு மார்க் உண்டு. அது அங்கேயே போயிற்று. தன் பெயரைச் சொன்னாள். தூக்கம் கேட்டாள், சாப்பாடு கேட்டாள். அட்டையில் இருந்ததைச் சொன்னேன். பிறகு சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"பாப்பா இப்ப எங்க இருக்குதும்மா?"

அதற்கும் அட்டையில் பதில் இருந்தது. பக்கத்து அறையில் தூங்குகிறது என்று சொல்ல வேண்டும்.

"ஐயம்பேட்டைல," என்றேன். "மாமியார் வூட்ல. சாயங்காலம் போய்த் தூக்கினா என் தோள் மேல இருந்துக்கினு அவங்களையே திரும்பித் திரும்பிப் பாக்குது. அவங்ககிட்டதான் சிரிக்குது. நான் தூக்கினா யாரோ எடுத்துக்கினு போற மாதிரி அழுவுது. ஆட்டோல இருக்கிறவங்கல்லாம் என்னையே பாப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் வீடும் அந்தப் பக்கம்தான். மாலையில் பல நாட்கள் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் போவோம். அவள் பேனா நின்றது. எதுவும் கேட்கவில்லை. என் கைக்குப் பக்கத்தில் மேசை மேல் தன் கையை வைத்தாள், தொடவில்லை. மணி அடிக்கும் வரை நாங்கள் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். மணி அடித்ததும் எழுந்து, "வரேன்மா" என்று நோயாளியிடம் சொல்வதுபோலவே சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

அடுத்தவள் வருவதற்குள் துறைத் தலைவி என் பக்கம் குனிந்தார்.

"அந்த ஐயம்பேட்டை மேட்டரு நல்லா இருந்திச்சும்மா. அடுத்த வருஷம் கார்டுலயே சேத்துடு."

சரி மேடம் என்றேன். அதற்கடுத்து வந்தவளுக்குப் பாப்பா பக்கத்து அறையில் தூங்கியது.

மாலையில் மதிப்பெண்களைக் கூட்டினோம். அந்தப் பெண்ணின் தாளில் நட்சத்திரத்துக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

"பாவம், படிக்கிற பொண்ணுதான். பக்கத்துல போய் உக்காந்துக்கினு வாய மூடிக்கினு இருந்துட்டா. நாம இன்னா பண்றது," என்று சொல்லிக்கொண்டே துறைத் தலைவி தோல்வி என்று எழுதினார். முதல்வருக்கு அனுப்புவதற்கு முன் காலையில் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அதைக் கேட்காமல் போனதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், ஏன் அட்டையை விட்டுப் பேசினாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் மனநலப் பாடம் நடத்துகிறவளைப் பற்றி ஆசிரியைகள் அறையில் என்ன பேசிக்கொள்வார்கள் என்றும் தெரியும். வேறு துறையாக இருந்தாலாவது பரவாயில்லை.

ஷேர் ஆட்டோவில் அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு அம்மாள் மடியில் முருங்கைக்காய்க் கட்டு. அது குலுங்கியபோதெல்லாம் நாங்கள் மாறி மாறி ஒதுங்கிக்கொண்டோம். ஐயம்பேட்டையில் இறங்கியதும் அவள் கூடவே நடந்தாள்.

"மேம், ஒன்னு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அந்த ஸ்டார் கேள்வி எனக்குத் தெரியும் மேம். மறக்கல. வாய் வரைக்கும் வந்திச்சு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்க ஐயம்பேட்டைன்னுட்டீங்க." நழுவிய பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அதுக்கப்புறம் அது கார்டு இல்லன்னு தெரிஞ்சிடுச்சு. உங்களைப் பாத்து, சாகணும்னு தோணுதான்னு எப்படி மேம் கேக்கறது? அதுவும் ஹெச்ஓடி மேம் பக்கத்துல இருக்க சொல்ல. நீங்க இன்னா சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்திச்சு."

"கேக்கலைன்னா ஃபெயில்னு தெரியும் இல்ல?"

"தெரியும் மேம்." தெருமுனையில் நின்றாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க அம்மாகிட்ட எனக்கு நேரம் பத்தலன்னு சொல்லிடுவேன்."

அவள் திரும்பி நடந்தாள். தோளில் பையோடு, வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் பிடித்திருந்தாள்.

மாமியார் பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். லேசாகச் சளி இருப்பதால் இங்கேயே இருக்கட்டும் என்றார். நான் தலையாட்டினேன். திரும்பி வரும் வழியெல்லாம் காலையில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பொதுவாக ஏதாவது காரணம் சொல்லலாம் என்று தோன்றியது. எனக்கு அட்டை மறந்துவிட்டது, உடம்பு சரியில்லை என்று. ஆனால் எதைச் சொன்னாலும், ஐயம்பேட்டை என்ற பதிலுக்குத் துறைத் தலைவி சொன்ன பாராட்டு நடுவில் வந்து நின்றது. அது நன்றாக இருந்தது என்று நினைப்பவரிடம் அது தவறு என்று எப்படிப் புரியவைப்பது? அதே சமயம், நான் சொல்லி, அவர் முகம் மாறி, பாப்பாவை இவளிடம் விடலாமா என்று வீடு வரை பேச்சு போய்விட்டால் என்ன செய்வது என்றும் ஓடியது. அந்தப் பெண்ணின் ஒரு வருடத்தையும் என் பெயரையும் வைத்து, எது கனம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்க வேண்டியதே இல்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது.

காலையில் துறைத் தலைவியின் அறைக்குப் போனேன். தாள்களை அடுக்கி வைத்துப் பேனாவைத் திறந்திருந்தார்.

"மேடம், அந்தப் பொண்ணுக்கு மட்டும் திரும்ப வைக்கணும்."

"ஏம்மா? விட்டது விட்டதுதானே."

"நான் கார்டுல இல்லாதத சொல்லிட்டேன். மத்த யாருக்கும் அத சொல்லல."

"அதான் நல்லா இருந்திச்சே."

"அது என்னோடது மேடம்."

அவர் பேனாவை மூடினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வேறு யாராக இருந்தாலும் தோளைத் தொட்டிருப்பார்கள், ஐயோ என்றிருப்பார்கள். அவர் நாற்காலியை எனக்கு எதிரே திருப்பிப் போட்டு உட்கார்ந்து, கண்ணைப் பார்த்தார்.

"தூக்கம் எப்படி இருக்குது?"

"வருது. நடுவுல முழிப்பு வந்தா அப்புறம் வர்றதில்ல."

"சாப்பாடு?"

"பசிக்கறதில்ல. சாப்புடறேன்."

"அழுகை வருதா?"

அப்போதுதான் கவனித்தேன், செக்லிஸ்ட்டில் உள்ள வரிசையில்தான் கேட்டுக்கொண்டு வருகிறார். என்னையறியாமல் மனதுக்குள் நான் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து வரப்போவது எது என்று தெரியும்.

"சாகணும்னு எதுனா தோணுதாம்மா?"

"இல்ல மேடம்." பிறகு, அது முழுப் பதில் இல்லை என்று தோன்றியதால் மேலே சொன்னேன். "எங்கியாவது போயிடலாம்னு தோணும். ஒரு நாள் வேலூர் பஸ்ல ஏறிட்டேன்."

"எதுவரைக்கும் போனே?"

"தாமல்ல எறங்கிட்டேன்."

"ஏன் தாமல்ல?"

"பால் குடுக்கற நேரம் ஆயிடுச்சு மேடம். மாரு கனத்துக்கிச்சு. எதிர்ப்பக்கம் போய் நின்னு வர்ற பஸ்ல திரும்பி வந்துட்டேன்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தப் பேருந்துப் பயணத்தை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவருக்கு ஷிப்டு மேடம்."

"அது பதில் இல்லம்மா," என்றார். பிறகு அந்தத் தாளை எடுத்து, தோல்வி என்பதை ஒரே கோடாக அடித்து, நோயாளியாக இருந்தவர் அட்டையிலிருந்து விலகியதால் மறுதேர்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இந்த வாட்டி பேஷண்டா நான் உக்காந்துக்கறேன். நீ டிக் போடு." கதவைத் திறக்கும்போது சொன்னார், "செங்கல்பட்டுல எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. இங்க வேணாம். இங்க எந்த ஓபிக்குப் போனாலும் நம்ம பொண்ணுங்க போஸ்டிங்ல இருப்பாங்க."

செய்தி மாணவிகளிடையே பரவியபோது, மேமுக்கு டயலாக் மறந்துபோய்விட்டதாம் என்றுதான் பரவியது. உணவு இடைவேளையில் என் காதிலும் விழுந்தது. திருத்தவில்லை.

மறுதேர்வுக்குக் கூடத்தில் ஒரே ஒரு மேசை போட்டிருந்தோம். துறைத் தலைவி நோயாளியாக உட்கார்ந்தார். நடிக்கவே தெரியவில்லை அவருக்கு. மனம் சோர்ந்துபோன பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டுக்குப் பெயர் கூப்பிடுகிற குரலில் "எனக்குத் தூக்கமே வர்றதில்ல" என்றாள். அந்தப் பெண் இந்தத் தடவை எதிரே உட்கார்ந்தாள். கண்ணைப் பார்த்தாள். தூக்கம், சாப்பாடு, அழுகை. நட்சத்திரக் கேள்வியைத் தெளிவாகக் கேட்டாள். "சில நேரம் தோணுது," என்று அட்டையில் உள்ளபடி துறைத் தலைவி சொன்னதும் அவள் அவசரப்படவில்லை. "இப்ப தோணுதாம்மா?" என்று அடுத்ததையும் கேட்டாள். நான் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். பாப்பா எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அதற்குக் கட்டமும் இல்லை. முடியும்வரை என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

கூட்டிப் பார்த்தபோது நல்ல மார்க். கூட்டல் சரிதானா என்று மறுபடி பார்த்தேன், பிறகும் ஒருமுறை பார்த்தேன். அவளுக்காகக் கூடுதலாகப் போட்டுவிட்டேனோ என்று ஒவ்வொரு டிக்காக விரல் வைத்துப் போனேன். கூடுதலாக எதுவும் இல்லை. துறைத் தலைவி எட்டிப் பார்த்து, "சரியா இருக்குது, விடும்மா," என்றார்.

பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று நான் ஆசிரியைகள் அறையில் இருந்தேன். போர்டு சரியாக எங்கள் கதவுக்கு வெளியேதான். அவளும் தோழியும் வருவது குரலில் தெரிந்தது. விரலால் காகிதத்தில் தேடுகிற சத்தம்.

"ஏய், பாஸ்டி. பரீட்ச எங்ககூடவே எழுதலாம்டி."

"எங்க, காட்டு. அந்த வரியா? மேல இருக்கிறது யாருது? சரியாப் பாருடி."

"உன்னுதுதாண்டி. டயலாக் மறந்த மேமுக்குக் கோயில் கட்டுடி."

"வாய மூடு. மேம் உள்ள இருக்கப் போறாங்க."

அதன் பிறகு குரல் வரவில்லை. அவள் கதவுப் பக்கம் பார்க்கிறாள் என்று தோன்றியது. உள்ளே வந்தால் நன்றி சொல்வாள். நன்றி சொன்னால் எதற்காக என்பது எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நிற்கும். அவளுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று, நாற்காலியைக்கூட நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் கேன்டீன் பக்கம் போயிற்று. இன்னும் சிறிது காத்திருந்துவிட்டு, நான் வெளியே வந்தேன்.